ஐந்து படிகளுக்குக் கீழே

2023 பெப்ரவரி 16, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் தூறல், வெளியே ஏழு பாகை, பலமில்லாத தென்மேற்குக் காற்று. அந்த நேரத்தில்தான் அந்தச் சுவருக்கு மேலே புகைபோக்கி இல்லை என்பதைக் கண்டேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்கொட்லாந்தில் ஒரு கிராமத்துப் பங்குத் தேவாலயத்தின் படங்களை. மொத்தம் முப்பத்தொரு படங்கள். அந்தத் தேவாலயத்தை அன்று பிற்பகல் இரண்டரை மணிக்குள் இணைய ஏலத்தில் வாங்கப்போகிறவன் என் மனைவியின் கடைசித் தம்பி. வாங்கலாம் என்று சொன்னவன் நான்.

அவன் பதினாறு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை வைத்தவன். மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய ஒரே மகனுக்குத் தலைக்குள் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை ஒன்பது மணித்தியாலம். வைத்தியசாலையின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, பிள்ளை எழும்பி வந்தால் பிள்ளையாருக்கு ஒரு கோயில் கட்டுகிறேன் என்று நேர்ந்துவிட்டான். நூற்றெட்டுத் தேங்காய் என்று நேர்ந்திருக்கலாம், காவடி என்று நேர்ந்திருக்கலாம். கோயில் என்று வாயில் வந்துவிட்டது. மகன் எழும்பி வந்தான், இப்போது வேலைக்கும் போகிறான். தகப்பன் கடையை விற்றான்.

கடை விற்ற காசுக்கு லண்டனில் நான்கு கார் நிறுத்தவும் நிலம் கிடைக்காது. அங்கே வடக்கே ஆட்கள் வராமல் போன தேவாலயங்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று பங்குகளை ஒன்றாக்கி, ஒரு தேவாலயத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகிறார்கள். சில, இங்கே ஒரு அறை வீட்டின் விலையில் மூன்றில் ஒன்றுக்குப் போகின்றன. எங்கள் ஆட்கள் கோடை விடுமுறைக்கு வான் பிடித்து அந்தப் பக்கம் போகிறவர்கள், போகிற வழியில் ஒரு கோயில் இருந்தால் இறங்காமல் விடமாட்டார்கள் என்பது அவனுடைய கணக்கு.

நான் யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன். லண்டனில் ஒரு கவுன்சிலின் கட்டடப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே கட்டடத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்தன. பதினொரு தேவாலயங்களின் படங்களைக் கொண்டுவந்தான். பத்தை நாங்கள் ஒரே காரணத்துக்காகத் தள்ளினோம்: சுற்றிவரக் கல்லறைகள். கோயிலுக்கு வருவதாக ஒப்புக்கொண்ட குருக்கள் வேறு எதையும் சமாளிக்கலாம் என்றார். பிணம் புதைத்த நிலத்தில் மட்டும் கும்பாபிஷேகம் செய்யமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் அடுப்படிக்குள் கால் வைக்காத ஆட்கள் நாங்கள். இதை அவர் சொல்லவே தேவையில்லை.

பதினொராவதைச் சுற்றிக் கல்லறையே இல்லை. ஊரின் பழைய தேவாலயம் அரை மைல் தள்ளி ஆற்றோரம் இருந்ததாம். அது இடிந்துபோக, இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் புதிதாக இந்தக் குன்றில் கட்டினார்கள். செத்தவர்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டார்கள்.

நான் நூலகத்தில் மூன்று கிழமை இருந்து அந்த நாட்டுத் தேவாலயங்களைப் பற்றி வாசித்தேன். காரணமில்லாமல் எதையும் கட்டாத ஆட்கள். மதச் சீர்திருத்தம் வந்தபோது சிலைகளையும் பலிபீடத்தையும் வெளியே எடுத்துவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது, கேட்டால் போதும். அதனால் பிரசங்க மேடையை ஒரு முனையிலிருந்து பெயர்த்து நீண்ட சுவரின் நடுவில் வைத்தார்கள், பிரசங்கியாரின் குரல் எல்லோருக்கும் ஒரே அளவில் எட்டும்படி. மேடைக்கு நேர் எதிரே, கட்டடத்தின் முதுகிலிருந்து ஒரு கிளை வெளியே நீளும். மேலிருந்து பார்த்தால் ஆங்கிலத்து டீ எழுத்து. அந்தக் கிளையில் ஊரின் நிலப்பிரபு குடும்பத்தோடு இருப்பார். தேவாலயத்தைக் கட்டுவதும் கூரை மாற்றுவதும் நிலமுள்ளவர்களின் செலவு என்று அங்கே சட்டம் இருந்தது, கூடக் கொடுத்தவருக்கு நல்ல இடம். இது எங்கள் கோயில் திருவிழா உபயகாரர்களின் வழக்கத்துக்கு அவ்வளவு தூரமில்லை.

மற்றத் தேவாலயங்கள் கிழக்கு மேற்காக நீளும். இது குன்றின் சரிவுக்கு இசைய வடக்குத் தெற்காகக் கிடந்தது. அதனால் பிரசங்க மேடை கிழக்குச் சுவரில், இரண்டு உயரமான யன்னல்களுக்கு நடுவில் இருந்திருக்கிறது. நிலப்பிரபுவின் கிளை மேற்கே. மேடையைக் கழற்றி எப்போதோ விற்றுவிட்டார்கள். வெறுமையாகிய மண்டபத்தில் நின்று பார்த்தால் கிளையின் வாசலில் ஐந்து கற்படிகள், மேலே எட்டுக்குப் பத்து அடியில் ஒரு சிறிய அறை. அது நேர் கிழக்கைப் பார்க்கிறது. காலைச் சூரியன் இரண்டு யன்னல்களாலும் வந்து அந்தப் படிகளில் விழுகிறது.

இதை எங்கள் ஆட்களில் யாருக்குக் காட்டினாலும் மூலஸ்தானம் என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன். படிகள் ஒற்றைப்படை என்பதைக் கவனிக்கச் சொன்னதும் நான்தான்.

மைத்துனன் ஜனவரியில் ஒருநாள் போய்ப் பார்த்தான். உறைபனிக் காலையில் ஏலக் கம்பனிப் பெண் கதவைத் திறந்தபோது வெயில் சரியாக அந்தப் படிகளில் விழுந்து கிடந்ததாம். அவன் சப்பாத்தைக் கழற்றினான். அந்தப் பெண்ணும் என்ன ஏது என்று கேட்காமல் தன்னுடையதைக் கழற்றி ஓரமாக வைத்தாளாம். திரும்பி வந்து அதைச் சொல்லும்போது அழுதான். கட்டடத்தின் முதுகுப் பக்கம் போனாயா என்று கேட்டேன். முள்ளும் சேறும், போகவில்லை என்றான்.

முதுகுப் பக்கத்துக்கு ஒரு படம் இருந்தது, பத்தொன்பதாவது. உருட்டுக் கற்களால் கட்டிய சுவர், மூலைகளுக்கு மட்டும் செதுக்கிய கல். கூரை முனையின் முக்கோணச் சுவர் படிப்படியாக ஏறி, உச்சியில் மணி தொங்கவிடும் ஒரு கூடு. மணி இல்லை. கீழே, நிலத்தோடு ஒட்டி, தாழ்வான ஒரு இரும்புக் கதவு பாதி செடிக்குள் மறைந்திருந்தது. மைத்துனன் அது என்ன என்று கேட்டான். கொதிகலன் அறை என்றேன். என் கவுன்சிலில் இருந்த தேவாலயங்கள் பலவற்றில் நிலத்துக்குக் கீழே ஒரு தாழ்ந்த கதவு இருக்கும், திறந்தால் சூடாக்கும் கொதிகலன் இருக்கும். யோசிக்காமல் வந்த பதில்.

அன்று காலை பத்து இருபதுக்குத் திரும்பவும் அந்தப் படத்தைப் பார்த்தேன். செலவுக் கணக்கில் கொதிகலனை அகற்றுவதற்கு ஒரு வரி சேர்க்கவேண்டியிருந்தது. புகைக்குழாய் எத்தனை அடி என்று அளக்கப் பார்த்தால் குழாயே இல்லை. கிளையின் கூரையில் எங்கும் புகை வெளியே போக ஒரு துவாரம் கூட இல்லை. மற்றப் படங்களில் தேடினேன். தேவாலயத்தின் ஒரே புகைபோக்கி வடக்கு முனையில், பிரசங்கியாரின் சின்ன அறைக்கு மேலே. நெருப்பு எரிந்த இடத்தில் புகை போக வழி வேண்டும். ஆகவே அந்தக் கதவுக்குப் பின்னால் எந்த நாளும் நெருப்பு எரியவில்லை.

பிறகு மூலைக் கற்களை எண்ணினேன். நிலத்திலிருந்து கிளையின் யன்னல் வரை ஒன்பது கல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு அடி. உள்ளே யன்னல் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த அறையின் தரைக்குக் கீழே ஆறு அடி. நிலம் பின்னால் சரிந்து போகிற இடத்தில், தரையை மேலும் ஐந்து படி உயர்த்தி, கீழே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்கு ஒரு அறையை விட்டிருக்கிறார்கள்.

அப்போது நூலகத்தில் வாசித்துவிட்டுத் தாண்டிப்போன ஒரு பக்கம் வந்து முன்னால் நின்றது. தேவாலயத்துக்குள் புதைக்கக்கூடாது என்று அந்த நாட்டுத் திருச்சபை தடை போட்டிருந்தது. நிலப்பிரபுக்கள் தடையை மீறவில்லை, சுற்றிப் போனார்கள். தேவாலயத்தின் பக்கத்தில் தங்கள் செலவில் ஒரு கிளையைக் கட்டி, அதன் அடியில் தங்கள் குடும்பத்தைப் புதைத்து, மேலே கதிரை போட்டிருந்து பிரசங்கம் கேட்டார்கள்.

ஏலக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். விபரம் தெரிந்தவர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் எடுக்கச் சொல்கிறேன் என்றார்கள். மைத்துனன் பதினொன்றே முக்காலுக்கு மடிக்கணினியோடு வந்தான். மனைவி விடியவே எழும்பி நாற்பது மோதகம் அவித்து வைத்திருந்தாள். நான் என்ன சொல்வது? நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி, அது பிழையாகப் போய், அவன் ஏலத்தை விட்டுவிட்டால் அந்தப் பழியை நான் சாகும்வரை சுமக்கவேண்டும். கொஞ்சம் பொறுத்துப் போடு, அவசரமில்லை என்று மட்டும் சொன்னேன்.

"அத்தான், அக்காவைப் பொம்பிளை பாக்க வந்தநேரமும் கொஞ்சம் பொறுப்பம் எண்டுதானே சொன்னனீங்கள். பொறுத்து என்ன கண்டனீங்கள்?"

"உன்னைக் கண்டன்," என்றேன். மனைவி சிரித்தாள்.

விலை கேட்போரின் பெயர் திரையில் வராது, இலக்கம்தான். இவன் பன்னிரண்டு. ஏலம் தொடங்கிய நாளிலிருந்தே எங்களோடு ஏறி ஏறி வந்தவர் ஏழு. மற்றவர்கள் அறுபதாயிரத்தோடு நின்றுவிட்டார்கள். ஏழாம் நம்பருக்கு என் வீட்டில் இரண்டு நாளாக அர்ச்சனை. வயிற்றெரிச்சல் பிடித்தவன், பிள்ளையாரோடு போட்டிக்கு நிற்கிறான், நடுச்சந்தியில் கார் நிற்கும். இவன் எழுபத்தொன்பது என்றால் அவர் எண்பது. இவன் எண்பத்தொன்று. அவர் எண்பத்திரண்டு. பன்னிரண்டே முக்காலுக்கு இவன் எண்பத்துமூவாயிரம் போட்டான். அதற்குப் பிறகு ஏழு அசையவில்லை.

"ஓடிட்டான்," என்றான் மைத்துனன். தேவாலய வாசலில் தொங்கும் இரும்பு வளையத்தின் படத்தை அக்காவுக்குக் காட்டினான். பாவம் செய்தவர்களை அந்தக் காலத்தில் கழுத்தில் அதை மாட்டி வாசலில் நிறுத்துவார்களாம். பூசை நேரம் சீட்டுக் கதை கதைக்கிறவர்களுக்காக அதைக் கழற்றாமல் வைத்திருக்கப் போகிறேன் என்றான். அவனை அவ்வளவு சந்தோசமாக மூன்று வருடமாக நான் கண்டதில்லை.

ஒன்று பத்துக்குத் தொலைபேசி வந்தது. நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அது சப்பாத்தைக் கழற்றிய அதே பெண். ஓம், அது பழைய நிலப்பிரபு குடும்பத்தின் நிலவறை, அது விற்பனையில் சேர்த்தியில்லை என்றாள். கடைசிச் சவப்பெட்டியை இறக்கியபோது தன் தாய் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். வாரிசுகள் அறிவித்துவிட்டு வந்து கதவைத் திறக்கலாம், இன்னும் இடம் இருக்கிறது. அதை வீட்டுக்குத் தோட்டம் இருப்பதுபோல ஒரு சிறப்பாகத்தான் சொன்னாள். எத்தனை பெட்டி என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றாள்.

வந்து கதிரையில் இருந்து சொன்னேன். கதவு, புகைபோக்கி, ஒன்பது கல், பெட்டிகள். மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். மைத்துனன் திரையை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சந்தேகம் காலமை பத்து இருபதுக்கு. நிச்சயம் இப்பதான்."

"நான் வந்தது பதினொண்டே முக்காலுக்கு. உதில இருந்துகொண்டுதானே விலையை ஏத்தினனான். பாத்துக்கொண்டிருந்தனீங்கள் என்ன?"

அவன் கேட்டது சரி.

போட்ட விலையை மீளப் பெற ஏலாது. ஏலம் முடிந்த அந்தக் கணமே பத்தில் ஒரு பங்கு வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும், மிச்சத்துக்கு இருபத்தெட்டு நாள். வாங்காமல் விட்டால் போனது போனதுதான், அதற்கு மேலும் வழக்குப் போடலாம். எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது: இன்னொருவர் கூடக் கேட்கவேண்டும். எண்பத்துநாலாயிரம் சொல்வதற்கு உலகத்தில் ஒரு ஆள் வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஏழாம் நம்பருக்காக மூன்று பேர் இருந்த இருப்பை என்ன சொல்ல. இரண்டு நாள் திட்டின வாயால் மனைவி சாமி அறையில் அவருக்காகத் திருநீறு எடுத்து வைத்தாள். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பாரோ, இணையம் அறுந்திருக்குமோ, வயதான ஆளோ, தனியே இருக்கிற ஆளோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் திரையின் மூலையில் குறைந்துகொண்டு போகும் எண்களைப் பார்த்தேன். எனக்கு எண்கள் பயம் தந்தது அன்றைக்குத்தான். மோதகத்தை யாரும் தொடவில்லை.

இரண்டு மணியானது. இரண்டே காலானது. இரண்டு இருபத்தெட்டுக்கு மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தொன்பதும் சில விநாடிகளும் போன பிறகு திரையில் நிறம் மாறியது. எண்பத்துநாலாயிரம், ஏழு. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் மேலும் இரண்டு நிமிடம் கொடுக்கும். இரண்டிலிருந்து மறுபடி இறங்கத் தொடங்கியது.

நான் மூச்சு விட்டேன். அப்போது மைத்துனனின் கை மடிக்கணினிக்குப் போவதைக் கண்டேன். எண்பத்தைந்து என்று அடித்தான். இன்னும் ஒரு பொத்தானை அமர்த்தினால் முடிந்தது.

"தம்பி, என்ன செய்யிறாய்?"

"சீமெந்து ஊத்தி மூடிவிடலாம். கதவை அடைச்சுக் கட்டலாம். குருக்கள் பின்பக்கம் போகமாட்டார். எங்கட மூண்டு பேருக்கும்தானே தெரியும்."

"அது அவையின்ர சொத்து. திறந்துகொண்டு வருவினம். இன்னும் பெட்டி இறக்குவினம்."

"அத்தான், என்ர பிள்ளை உயிரோட திரியிறான். நான் சொன்ன சொல்லு அப்பிடியே நிக்குது. நான் நித்திரை கொண்டு மூண்டு வருசம். உங்களுக்குக் கல்லைத்தான் எண்ணத் தெரியும்."

மிச்சம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஒன்று முப்பது. அவன் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. நான் சட்டம் சொன்னேன், வழக்குச் செலவு சொன்னேன், ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

மனைவி எழும்பி அவனுக்குப் பக்கத்தில் போனாள். தொடவில்லை.

"கும்பாபிஷேகத்தண்டு உன்ர பெடியன்தான் முதல் விழுந்து கும்பிடுவான். அந்தத் தலையை அந்தப் படியில வைப்பான். நீ பக்கத்தில நிண்டு பாப்பியோ?"

அவன் முகம் மாறியது. ஆனால் விரல் எழும்பவில்லை. ஐம்பது விநாடி இருந்தது. இதை விட்டால் இனி எங்கே, எந்தக் காசுக்கு, எத்தனை வருடத்துக்குப் பிறகு என்பதுதான் அந்த விரலில் நின்றது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடை இல்லை. கடை விற்ற காசு லண்டனில் எதற்கும் காணாது. அவனுக்கு வேண்டியது நியாயம் இல்லை, வேறு ஒரு இடம்.

"இஞ்ச, லண்டனில இடம் பார்," என்றேன். "மூண்டில ஒரு பங்கு நான் போடுறன்."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடத்தில் நான் கணக்குப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னதை அவள் கேட்டதில்லை.

"எவ்வளவுக்கு மூண்டில ஒண்டு?" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எவ்வளவெண்டாலும்."

"எழுதித் தருவியளோ?"

"ஏலாது. சொல்லுறன். காணாதோ?"

இருபது விநாடி இருந்தது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மூவரும் எண்கள் இறங்குவதைப் பார்த்தோம். பூச்சியத்தில் திரை ஒருமுறை வெளுத்து, விற்கப்பட்டது என்று வந்தது. மனைவி சாமி அறைக்குப் போனாள். அவன் மடிக்கணினியை மூடி உறைக்குள் வைத்து, உறையின் பட்டியைப் பூட்டி, பிறகு அதன்மேல் தலையைச் சாய்த்து அழுதான். நான் யன்னலுக்குப் போனேன். தூறல் விட்டிருந்தது.

அவன் இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தான், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பண்டகசாலையின் படங்களோடு. தகரக் கூரை, சுருட்டி ஏற்றும் கதவு, ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் கதவு யன்னல் செய்கிறவர்கள். பதினைந்து வருடக் குத்தகை. கட்டடக்கலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மூலஸ்தானத்தை உள்ளே நாங்களே செங்கல் வைத்துக் கட்டவேண்டும். கிழக்குப் பக்கம் யன்னல் இல்லை, வெயில் உள்ளே வராது. நான் நேரில் போய்த் தரையைப் பத்து இடத்தில் தட்டிப் பார்த்தேன். கீழே சீமெந்து, மண் அறிக்கையின்படி அதற்குக் கீழே களிமண், அதற்குக் கீழே சேற்று நிலம். பழைய வரைபடங்கள் முழுவதையும் பார்த்தேன். முன்பு கீரைத் தோட்டமாக இருந்திருக்கிறது.

அடுத்த தை மாதம் பிள்ளையாரை வைத்தோம். மைத்துனனின் மகன் முதலில் விழுந்து கும்பிட்டான். தலையின் தழும்பு மயிருக்குள் தெரிந்தது. மைத்துனன் அன்றைக்கு என்னோடு நன்றாகத்தான் பேசினான், ஆனால் அந்தத் தேவாலயத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை. அந்த வெயிலை அவன் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

குத்தகை முற்பணம், திட்ட அனுமதி, கூரை ஒழுக்கு, தீயணைப்புக் கதவு, செங்கல், சிலை கொண்டுவந்த கப்பல் கூலி எல்லாவற்றையும் கூட்டி மூன்றால் பிரித்தபோது என் பங்கு இருபத்தேழாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பவுண், நாற்பது பென்ஸ்.